பேஸ்மென்ற்றில் நாலு துவக்கு

மகன் புது மேசைக்குப் பூச லின்சீட் எண்ணெய் டின் ஒன்றைத் திறந்தான். வீடு முழுக்க மணம். அவனுக்கு அது மேசை மணம், எனக்குத் துவக்கு மணம். பழைய துவக்குகளின் மரக்கட்டைக்கு வருஷக்கணக்காக நான் தேய்க்கிறது அதைத்தான்.

ஓம், நான் பழைய ராணுவத் துவக்குகள் சேர்க்கிறவன். ஒவ்வொரு தடவை சுடவும் போல்ட் என்கிற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய அந்தக் காலத்துச் சாமான்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் காசு கொடுத்துத் துவக்கு வாங்குகிறானாம் என்று இங்கே ஸ்காபரோவில் எங்கள் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும்.

சண்டை தொடங்கிய காலத்தில் ஊரில் சந்தியில் மறித்த பொலிஸ்காரன் ஒருவன் இப்படியொன்றை என் நெஞ்சுக்கு நேரே பிடித்து போல்ட்டை இழுத்தான். சடக். சைக்கிள் ஒரு பக்கம் விழ, சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்ப் பையோடு கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். பையைக் கீழே வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான் இது. அந்தச் சாமான் ஒருநாள் என் பூட்டுக்குள் கிடக்க வேண்டும், அப்போதுதான் என் பயம் போகும்.

வெக்ஸ்போர்ட் அபார்ட்மென்ற்றில் இருந்த காலத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். மனைவியின் கையெழுத்தும் கேட்டார்கள். மாலினி இரண்டு வருஷம் இழுத்தடித்தாள். அவளுடைய அண்ணரையும் ஊரில் இப்படித்தான் மறித்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

கடைசியில் கையெழுத்து வைத்தாள். "உந்த இழுக்கிற சத்தம் மட்டும் எனக்குக் கேக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

அதனால் இந்த வீட்டுக்கு மாறிய பிறகும் அவள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன பிறகுதான் நான் பேஸ்மென்ற்றுக்கு இறங்குவேன். களவாகச் சிகரெட் குடிக்கிறவன் கெட்டான். ஒன்று நாலானது.

பிறகொரு சரஸ்வதி பூசை. மகனின் புத்தகங்கள், கார்த் திறப்புக் கொத்து, அவளுடைய தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"உங்கட சாமான் ஒண்டும் வைக்கேல்லையோ?"

ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன், போல்ட்டைக் கழற்றித் தனியாக. கட்டைக்குப் பொட்டு வைத்தாள். பிறகு தனியாகக் கிடந்த போல்ட்டைக் காட்டினாள்.

"பூட்டுங்கோ. நான் இழுக்கிறன்."

இழுத்தாள். சடக். இன்னொரு தரம் இழுத்தாள். "உவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவித்த கடலை எடுக்கப் போய்விட்டாள்.

அந்தச் சந்தியில் இப்போது காவலும் இல்லை, மறிக்கிறவனும் இல்லை. மாலினியின் பயமும் அன்றோடு போய்விட்டது. நான் எண்ணெய் போடும்போது பக்கத்தில் இருந்தே போஞ்சி நறுக்குகிறாள். ஆனால் நான் சுடப் பழகும் ரேஞ்சில் பின்னால் ஒருவன் போல்ட்டை இழுத்தால் என் கை இன்னும் மேலே போகப் பார்க்கிறது.

ஐந்தாவது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.