ஏழால் பெருக்கினால் கெடும் எண்

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் பாளையங்கோட்டையில் கல்லூரி ஒன்றின் கணக்கு வாத்தியார். ஒல்லி உடம்பு, பெரிய காது. பேசும்போதெல்லாம் உள்ளங்கையில் விரலால் எழுதுவார்.

கேசரியைத் தொடாமலே அக்காவிடம், "142857-ஐ ரெண்டால பெருக்குனா 285714, மூணால பெருக்குனா 428571. ஆறு வரைக்கும் அதே இலக்கம்தான் சுத்திச் சுத்தி வருது, பாத்தியளா?" என்றார்.

"ஏழால பெருக்குனா?"

அவர் முகம் வாடியது. "எல்லாம் ஒம்பதாப் போயிருது."

அக்கா சிரித்துவிட்டாள். அப்போதுதான் உள்ளே வந்த அப்பா, "பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏழுதான் கெடுக்குது."

ஜாதகத்தில் கல்யாணத்துக்குரிய ஏழாம் இடத்தைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்து, அப்பா அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார். அக்காவுக்குச் சாத்தான்குளத்தில் கல்யாணம் ஆனது.

ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னது எண்ணை மட்டும்தானா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.