கண் டாக்டரிடம் போன ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும் ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் மின்சார ரயிலில் பார்வை மங்கிய பெண்ணாகப் போனேன்.

அப்பா சிப்காட்டில் ஒரு கம்பிக் கம்பெனியில் வேலை பார்த்தார். வேலை முடிந்தால் குடித்தார். வேலை இல்லாத நாளில் காலையிலேயே குடித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், மீஞ்சூரில் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிறார்கள் என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் இடத்தை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு இரண்டு மாதம் எங்கள் வீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒருவழியாக அப்பா போகிறேன் என்றதும் அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

"கைய வுடாத. வழியில எங்கியும் நிக்காம இட்டுகினு போ," என்று என் காதில் சொன்னாள். யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்பதில் எங்கள் வீட்டில் குழப்பமே இருக்கவில்லை.

அப்பாவின் வெட்கம் தனி ரகம். பட்டப்பகலில் பஜாரில் ஒயின்ஷாப் வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதில் கூச்சம் கிடையாது. குடியை விடப் போவதை மட்டும் ஒரு ஈ காக்கைகூடப் பார்த்துவிடக் கூடாது. ரயிலில் பக்கத்து வீட்டு அத்தை எதிரே வந்து உட்கார்ந்து, எங்கே பயணம் என்று கேட்டாள். பாப்பாவுக்குக் கண் சரியில்லை, மீஞ்சூரில் டாக்டர் இருக்கிறார் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் உடனே கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். பொன்னேரியில் இறங்கும்வரை அந்த அத்தை என் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, முருங்கைக்கீரை தின்னச் சொன்னாள். அப்பா யாருக்கும் தெரியாமல் என் கையை அழுத்தினார். அந்த ஒரு அழுத்தலுக்காக நான் சோடாபுட்டிக் கண்ணாடியே போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

மீஞ்சூரில் கூட்டம் எங்கே என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடம் எங்கே என்று மட்டும் கேட்டார். வழி சொன்னவர்கள் எல்லாரும் இன்றைக்கு லீவாச்சே என்றார்கள். அரை மணி நேரம் சுற்றிய பிறகு பள்ளிக்கூடத்தின் பச்சை கேட் தெரிந்தது. அதைத் தாண்டிப் போனோம். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினோம். மூன்றாம் தடவை அப்பா நின்று முகத்தைத் துடைத்து, சட்டைக் காலரைச் சரி செய்தார். கேட்டுக்குள் ஒரு காலையும் எடுத்து வைத்துவிட்டார்.

அப்போதுதான் பாதாம் மரத்தடியில் அப்பாவின் சூப்பர்வைசரைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குப் போயிருந்தபோது எனக்குப் பொரி அள்ளிக் கொடுத்தவர். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அப்பா இன்னும் அவரைக் கவனிக்கவில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, உங்க சூப்பர்வைசர் சாரு."

அப்பா வைத்த காலைப் பின்னால் எடுத்தார். தெருமுனைவரை நாங்கள் நடந்துதான் போனோம், ஆனாலும் அது ஓட்டம்தான். அப்பாவைப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு வந்தது என் வாழ்நாளிலேயே இன்பமான பகல். அப்பா எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, கரி ஏற்றிப் போன கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினோம். ஏரியில் நீந்தக் கற்ற கதையைச் சொன்னார். இரண்டு ரயிலை வேண்டுமென்றே விட்டோம். அவ்வளவு நேரம் அவர் என்னோடு உட்கார்ந்ததே இல்லை.

"அம்மா கேட்டா, போனோம்னு சொல்லு. இன்னா?" என்றார்.

சொன்னேன். என்ன பேசினார்கள் என்று அம்மா கேட்டாள். நல்லதாகப் பேசினார்கள் என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அப்பா குடிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து குடித்துவிட்டுத்தான் வந்தார். அந்தச் சீட்டை அவர் பிறகு தேடவே இல்லை. நான் பன்னிரண்டாவது படிக்கும்போது ஈரல் கெட்டு இறந்துபோனார்.

காரியத்துக்கு வந்த சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். அன்றைய தினத்தை அவர் மறந்திருக்கவில்லை.

"நானும் குடிய வுடத்தாம்மா அங்க போய்க்கினு இருந்தேன். அன்னிக்கு ரெண்டாவது வாரம். உங்கப்பா கம்பெனில சொல்லிடுவாரோன்னு எனக்கு பயம். இல்லன்னா பின்னாடியே வந்து கூப்ட்டிருப்பேன்."

அதற்கப்புறம் அவர் குடிக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போதும் வேலைக்கு மீஞ்சூரைத் தாண்டித்தான் போகிறேன். ரயில் அங்கே நிற்கும்போதெல்லாம் அப்பா வேண்டும் என்றிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை யாராவது திருப்பிக் கொடுத்தால் அவர் கையை விட்டுவிடுவேன். அவர் உள்ளே போய்ப் பேசி முடித்து வரும்வரை வெளியிலேயே காத்திருப்பேன். அன்றைக்கு அவர் எனக்கென்றே ஒதுக்கிய பகல் அது என்று நினைத்தேன். உள்ளே போகவும் முடியாமல், சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பவும் முடியாமல் அவர் உட்கார்ந்திருந்த பகல் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.