ரோதைமுனி பிடித்த சுருதி

மின்சார ஆர்கனுக்குக் காற்றடிக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை வலது கைக்குச் சொல்லியிருந்தேன், இடது கைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். பதுளையில் ரேடியோ விற்று, பழுதும் பார்க்கிற ஒரு கடையில், சனிக்கிழமை காலை, எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வலது கையால் வாசித்தபடி இடது கையால் அந்த ஆர்கனின் முதுகைத் தடவித் துருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷம் ஆர்மோனியத்துக்குக் காற்றடித்த கை. அதற்கு வேறு உலகம் தெரியாது.

"தம்பி, பின்னால என்னா தேடுறீங்க?" என்றார் கடை முதலாளி. முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் அவர் நானா.

"தூசி இருக்கான்னு பாக்கிறேன் நானா."

"தூசி ஈக்கி. காத்துத்தான் இல்ல."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்து முடித்து, வெளியே போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

உண்மையைச் சொன்னால் அது நல்ல ஆர்கன். கொழும்பில் ஏதோ ஹோட்டல் பாண்டில் வேலை செய்து ஓய்வு பெற்றது. சிவப்பு நிறம், மடக்குகிற கால்கள், ஒரே ஆள் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். இரண்டு கட்டைகள் ஊமை, மற்றதெல்லாம் பேசின. விலை எங்கள் கைக்குச் சற்று எட்டாத உயரத்தில் இருந்தாலும், முதலாளி இறங்கி வரத் தயாராக இருந்தார். புத்தியுள்ளவன் அங்கேயே வாங்கியிருப்பான். நான் புத்தியுள்ளவன் இல்லை, புத்தகம் உள்ளவன். சிரித்த கடையில் காசு கொடுப்பதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். தோட்டத்துக்குத் திரும்பியதும் குழுவிடம், "நாதம் மெலிசா இருக்கு, நமக்குச் சரிவராது" என்று சொன்னேன்.

குழு என்றால் ஐந்து பேர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில், மஞ்சள் நீராட்டு முடிந்த பிற்பகலில், வருஷா வருஷம் எங்கள் பாட்டுக் கச்சேரிதான். லொறி டிரைவர் கிட்டார், இரண்டு பேர் தாளம், நான் ஆர்மோனியம். பாடுவது பிள்ளைக் காம்பரா அக்கா. தாய்மார் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். நாற்பது பிள்ளைகள் ஒன்றாக அழும்போது அதற்கு மேலால் தாலாட்டுப் பாடிப் பழகிய குரல் அவருடையது. மைக் அவருக்கு ஒரு அலங்காரம்தான்.

அந்த வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எல்லாத் தோட்டத்திலயும் ஆர்கன் வந்திருச்சு. நீங்க இன்னும் பெட்டியை வச்சுப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கீங்க. ஆர்கன் இருந்தா மேடை உங்களுக்கு. இல்லேன்னா பண்டாரவளைக் குழுவுக்கு வாக்குக் கொடுத்துருவேன்."

பண்டாரவளைக் குழு தங்கள் பாடகியோடு வரும். எங்கள் நால்வருக்கும் மேடை போனால் பிற்பகல் தூக்கம் கிடைக்கும். அக்காவுக்கு அப்படியில்லை. வருஷத்தில் அந்த ஒரு பிற்பகல்தான், தூங்குவதற்காக இல்லாமல் கேட்பதற்காக நாலு பேர் அவர் முன்னால் உட்காருவது. அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஐயா, வாங்கிருங்க."

வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் நான் இங்கிலீஷ் வாசிப்பேன் என்பது. நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டில் நின்று வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவேன். நாள் முழுக்க வேலை செய்தவர்களுக்கு முழுப்பேர், பிந்தி வந்து பாதி நாள் செய்தவர்களுக்கு அரைப்பேர். பிற்பகலில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்து கொழுந்து நிறையை எழுதுவேன். இந்த இரண்டுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. பதுளை டவுனை ஒட்டிய ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்விட்டார். துரைசாணி வாசித்த ஆர்கன் மட்டும் பங்களாவில் நின்றது. புதிதாக வந்த துரைக்கு அந்த இடத்தில் சாப்பாட்டு மேசை போட வேண்டும். எங்கள் டிரைவர் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம்.

ஆர்கன் இல்லை அது, ஒரு வீடு. கருங்காலி மாதிரி மினுக்கின மரம், இரண்டு வரிசைக் கட்டைகள், ஆளை மறைக்கிற முதுகுப் பலகை. இரண்டு சுவிட்ச் இருந்தன. ஒன்றைத் தட்டினால் உள்ளே மோட்டார் முனகிக்கொண்டு எழும். பத்து எண்ணி மற்றதைத் தட்ட வேண்டும். "நம்ம லொறி மாதிரியே கிளம்புதே!" என்று டிரைவர் அப்போதே உறவு கொண்டாடினார்.

இந்தத் தடவை நான் உறுதியாக இருந்தேன். இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாக, ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தேன். ஒரு மணி நேரம். பங்களாச் சமையல்காரர் இரண்டு தடவை வந்து, "இன்னும் முடியலீங்களா?" என்று கேட்டார். முடிவில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. கேட்ட விலையோ சிவப்பு ஆர்கனின் விலையில் கால்வாசி. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். அதை லொறியில் ஏற்றும்போது, பாரமான சாமான்தான் உழைக்கும் என்று நான் ஒரு பொன்மொழி உதிர்த்தேன். ஒரு மூலையைப் பிடித்திருந்தவர் எனக்கு வேறொன்று உதிர்த்தார்.

ஒயர் வாங்க அதே ரேடியோக் கடைக்குப் போக வேண்டி வந்தது. முதலாளி விசாரித்தார். நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"உள்ளுக்கு மோட்டரா ஓடுது?" என்றார். "அப்ப கரண்டு ஒரே சீரா வரணுமே தம்பி. டவுன்ல சரி. உங்கட தோட்டத்தில டைனமோ கரண்டு. அது ஆடினா இதுவும் ஆடும்."

விற்க முடியாமல் போன வியாபாரியின் வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன். ஒயரிலும் பேரம் பேசினேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, கோயில் முன்னால் ஆர்கனை இறக்கி, பெக்டரியிலிருந்து லைன் இழுத்தோம். எங்கள் தோட்டத்துக்கு டவுன் கரண்ட் இல்லை. ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் டைனமோவைச் சுற்ற, அது பெக்டரியை ஓட்டும். மிச்சம் மீதிதான் எங்களுக்கு. சுவிட்சைத் தட்டினேன், பத்து எண்ணினேன், வாசித்தேன். அக்கா பாட ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர்கள் ஓடத் தொடங்கின. ஆர்கன் மெல்ல, மலையிலிருந்து பஸ் இறங்குகிற மாதிரி, முக்கால் கட்டை கீழே இறங்கிப்போய் நின்றது.

"என்னாங்க இது," என்றார் அக்கா, "கள்ளுக் குடிச்ச மாதிரிப் பாடுது?"

ரோலர் நின்றபோது அது மறுபடி ஏறியது. எனக்குப் பதுளைக் கடை ஞாபகம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தாளக்காரர்களில் ஒருவர், பெக்டரிச் சக்கரங்களைக் காக்கிற ரோதைமுனிக்கு ஒரு தேங்காய் உடைத்தால் சரியாகிவிடும் என்றார். உடைத்தோம். சரியாகவில்லை. பிறகு டீமேக்கரைப் பார்க்கப் போனேன். பெக்டரிக்குப் பொறுப்பானவர் அவர். துரை சொன்னாலும் நேரத்தை மாற்றாத மனுஷன்.

"நாளைக்கழிச்சு ரெண்டு மணி நேரம் ரோலரை நிப்பாட்டுவீங்களா?"

"கொழுந்து புளிச்சுப் போனா உங்க பெட்டியை அரைச்சா கொழும்புக்கு அனுப்புறது?"

"சரி. அப்ப நிப்பாட்டாம ஓட்டுவீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய சேவைக் காலத்தில் யாரும் அப்படி ஒரு வேண்டுதலோடு வந்ததில்லை போலிருக்கிறது. நாலு ரோலரும் அரை மணி நேரம் ஓடும், பிறகு கொழுந்தை இறக்கிச் சலிக்கக் கால் மணி நேரம் நிற்கும், பிறகு ஓடும், அதில் ஒரு நிமிஷம் பிசகாது என்றார். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்று பின்னேரமே கச்சேரியை மாற்றி அமைத்தோம். ரோலர் ஓடும்போது பாட்டு. நிற்கும்போது கமிட்டித் தலைவரின் பேச்சு, நன்றியுரை, பொன்னாடை. கிட்டாரை இறங்கிய சுருதிக்குக் கூட்டினோம். "நிலையா நின்னாப் போதும் ஐயா," என்றார் அக்கா. "அது எங்க நிக்குதோ அங்க நான் நிப்பேன்."

திருவிழாப் பிற்பகலில் எல்லாம் கணக்காக நடந்தது. ஒலிபெருக்கியைப் பலா மரத்தில் கட்டியிருந்தார்கள். ஆர்கனின் முதுகுப் பலகை சனத்தைப் பார்த்திருக்க, அதற்கு மேலால் குனிந்த தலை மட்டும் தெரிய, பின்னால் நான். ரோலர் இரைந்தது, பாடினோம். நின்றது, தலைவர் பேசினார். தன்னை இத்தனை தடவை பேசக் கூப்பிட்ட கச்சேரி வேறில்லை என்று பிறகு சந்தோஷப்பட்டார். கடைசிப் பாட்டு அம்மன் பேரில். அரைவாசி நன்றாக வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

அங்கேதான் டீமேக்கருக்கு மனம் இளகியது. பெக்டரி ஜன்னலோரம் நின்று கேட்டவர், இந்தக் குரலுக்கு இரைச்சல் இடைஞ்சலாக இருக்கிறதே என்று நினைத்து, வாழ்நாளில் முதல் தடவையாக, பத்து நிமிஷம் முன்னதாக ரோலர்களை நிறுத்திவிட்டார்.

ஆர்கன் ஏறத் தொடங்கியது. என் இடது கை என்னைக் கேட்காமல் பின்னால் போய்த் துருத்தியைத் தேடியது. டிரைவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார், அது ஒன்றுதான் எந்தச் சுருதிக்கும் பொருந்தும். நான் வாசிப்பதை நிறுத்தலாமா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஆர்கன் ஏற ஏற அவரும் ஏறினார். கால் கட்டை, அரைக் கட்டை, முக்கால். கழுத்து நரம்பு புடைக்க, அந்தப் பெட்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறவர் மாதிரி ஏறி, உச்சியில் நின்று, நின்ற இடத்திலேயே பாட்டை முடித்தார். முன்வரிசையில் இரண்டு பேருக்குச் சாமி வந்துவிட்டது.

தலைவர் ஓடி வந்தார். "மேல மேல ஏத்திக்கிட்டே போனீங்களே, அதுக்குத்தான்யா ஆர்கன் வேணும்ங்கிறது! வர்ற வருஷமும் நீங்கதான்." டீமேக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்ல நேரத்தில நிப்பாட்டினேன் இல்லையா?" என்றார். ஆமாங்க என்றேன். அக்கா ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு நாள் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த இரண்டு நாளும் சைகையிலேயே அவர் சிரித்துக்கொண்டிருந்ததாகவும், பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை என்றும் சொன்னார்கள்.

கச்சேரிக்கு மறுநாள் காலைப் பெரட்டில் நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் நின்றேன். வழக்கமாகப் பிந்தி வந்து என்னிடம் அரைப்பேர் வாங்குகிற கொழுந்துக்காரம்மா ஒருவர், அன்று நேரத்துக்கே வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"அக்கா பாட்டுக்கு என்னாங்க குறை. உங்களைப் பாத்தாத்தான் பாவமா இருந்துச்சு. திருவிழா அன்னிக்கும் அம்மாம் பெரிய மேசையைப் போட்டு, தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தீங்களே ஐயா. நேத்து வந்தவங்களுக்கெல்லாம் பேர் உண்டுதானே? நான் பிந்தித்தான் வந்தேன், எனக்கு அரைப்பேராச்சும் போட்டீங்களா?"