மலாய் வரிகளின் கீழ் ஒரு தமிழ்க் கையெழுத்து

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வரவில்லை. மலேசியாவில், செமோர் என்ற ஊருக்கு அப்பால் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் வயது ஐம்பதைத் தாண்டும்வரை பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாள். தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம், அங்கு உழைத்தவர்களுக்கு மாற்று வீடு தருவதாக உறுதி கூறியிருந்தது. மணமாகாத அவளுக்கு அதைவிட்டால் வேறு ஒண்டுவதற்கு இடமில்லை. சாவி வழங்கிய அன்று, பட்டியலில் அவள் பெயர் இல்லை.

“கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்லா! வாய் பேசாதவதானே, யார்கிட்ட போயி சொல்லப்போறான்னு நெனச்சிட்டான்,” என்று எங்கள் மூத்த அண்ணன் கொதித்தார்.

நானும் கொதித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமின்றி வழக்காடித் தரும் ஓர் அலுவலகம் ஈப்போவில் இருப்பதை அறிந்து, அவளை அழைத்துச் சென்றேன். அவளுடைய ஆவணக் கோப்பு வழக்கம்போல் என் மடியில் இருந்தது. எங்கள் வீட்டுச் சைகைகளை நான் சொல்லாக்க, இளம்பெண்ணான வழக்கறிஞர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். நிறுவனத்திடம் தாள்களைக் கேட்டு எழுதுவதாகச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் சென்றோம்.

“சார், கம்பெனி ஏமாத்தல,” என்றார் அவர். “எனக்கு வீடு வேணாம், மூத்த அண்ணன் பேருக்கே குடுத்துருங்கன்னு இவங்களே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு. பாருங்க.”

நகலை என் பக்கம் திருப்பினார். மலாய் வரிகள், அவற்றின் கீழ் தங்கையின் பெருவிரல் ரேகை. அதனருகே, சாட்சி என்ற இடத்தில், என் பெயர். நான் எங்கும் தமிழில்தான் கையெழுத்திடுவேன். அந்தப் பக்கம் முழுவதிலும் அது ஒன்றே தமிழாய் நின்றது.

முந்தைய ஆண்டுத் திருவிழாவில், கோவில் வாசலில் நிறுத்திய காரின் முகப்பில் அண்ணன் அந்தத் தாளை விரித்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன்.

“வீட்டுக்கு எழுதிப் போடுற பாரம்தான்டா. பெரிய வாத்தியாரு! பரீட்ச பேப்பரா திருத்தப் போற? போடு லா.”

சுற்றிலும் உறவினர் சிரித்தனர். அண்ணன் நீட்டும் தாளைப் படித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறர் கடிதங்களில் ஒற்றுப்பிழையையும் பொறுக்காத நான், படிக்காமலே ஒப்பமிட்டேன். மை படிந்த விரலைப் புடவையில் துடைத்தவாறே தங்கை சிரித்தாள். வீடு வரப்போகிறது என்றுதான் நான் அவளுக்குச் சைகை காட்டியிருந்தேன்.

அலுவலக நடைவழிக்கு வந்து அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா,” என்றார், சற்றும் தடுமாறாமல். “எழுத்துப் பிழையக்கூட விடாத ஆளு, படிக்காமயா போட்ட? என் மவன் பிள்ளகுட்டியோட எங்க போவான்? அவளுக்கென்னா, எங்கூட ஒரு ரூம்ல இருந்துட்டுப் போறா.”

“அப்ப கம்பெனிய ஏண்ணே திட்டுனீங்க?”

தொடர்பு அறுந்தது.

திரும்பி வந்தபோது வழக்கறிஞர் சொன்னார்: “கேஸ் போடலாம் சார். ஆனா படிக்காம கையெழுத்து போட்டேன், இவங்களுக்கு யாரும் வெளக்கம் சொல்லலன்னு நீங்க சத்தியம் பண்ணிச் சொல்லணும். ஒங்க அண்ணனுக்கு எதிரா. மொதல்ல இவங்க சம்மதம் வேணும். நீங்கதான் சொல்லணும்.”

வேறு எவராலும் அவளுக்குச் சொல்ல இயலாது. மீசையை முறுக்கிக் காட்டினேன்: அண்ணன். இரு கைகளையும் கூரையாகக் குவித்தேன்: வீடு. பின்னர் அந்தக் கூரையை அப்பால் எடுத்துச் சென்றேன். அவள் நீண்ட நேரம் நகலைப் பார்த்தாள். படிக்கத் தெரியாத அவளுக்கு என் கையெழுத்தின் வடிவம் தெரியும். அதன்மேல் விரலை வைத்து, பிறகு அதே விரலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

ஆமென்று தலையசைத்தேன். படிக்கவில்லை என்பதற்கு எங்களிடம் சைகை இல்லை. கண்களை மூடிக்கொண்டு காற்றில் எழுதிக் காட்டினேன். பிறகு வழக்கறிஞரைச் சுட்டி, கூரையை மீண்டும் அவள் பக்கம் கொண்டுவந்து, அண்ணனை எதிர்த்துக் கேட்கட்டுமா என்று சைகையால் வினவினேன்.

அவள் வழக்கறிஞரைப் பார்த்து, சம்மதம் எனத் தலையை ஆட்டினாள். பின்னர் என் மடியிலிருந்த கோப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சத்திய வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்வரை அவள் கண்கள் என் கையை விட்டு அகலவில்லை.