அப்பாவின் கடியாரமும் அம்மாவின் புற்றுமண்ணும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப்போய் ஓராண்டாகிறது. "நாலு நல்லது எழுதுக்கா" என்று தம்பி சொல்லியிருக்கிறான். நல்லது நாலுக்கு மேலேயே இருக்கிறது. மற்றதையும் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா அவர்கள் கரிவலம்வந்தநல்லூரில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார்கள். கரிசல் காட்டில் பருத்தி போட்டு, படாத பாடுபட்டு, சங்கரன்கோவிலில் வீடு கட்டித் தலைநிமிர்ந்தார்கள். கள்ளைத் தொட்டதில்லை. பொய் சொன்னதில்லை. சொன்ன வாக்கை மாற்றியதே இல்லை. இந்தக் கடைசிக் குணம்தான் எங்கள் அம்மாவைத் தின்றது.

நாடு விடுதலையான சமயம், மதுரையில் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறவிருந்த ஒரு துரையிடம் அப்பா அந்தச் சுவிஸ் பைக்கடியாரத்தை வாங்கினார்கள். மேலக்காட்டு நிலம் அதற்காகப் போயிற்று. தெருவே சிரித்தது. "மணி பாக்கவா அண்ணாச்சி நெலத்த வித்திய?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"மணி பாக்கக் கோயில் மணி போதாதாவே?" என்றார்கள் அப்பா.

உண்மைதான். அப்பா அதில் மணி பார்த்து நான் கண்டதில்லை. விளிம்பிலிருந்த சிறு விசையைத் தள்ளினால் உள்ளிருந்து அடிக்கும். மணிக்கு ஒரு கனத்த ஓசை, கால்மணிக்கு இரட்டை ஓசை, மிச்ச நிமிஷங்களுக்கு மெல்லிய ஓசை. முகப்பில் நீலத் தகட்டில் ஒரு நிலா, வானத்து நிலாவோடு சேர்ந்து தேயும், வளரும். பின்மூடியைத் திறந்தால் எள்ளளவு சுத்தியல்கள், சிவப்புக் கற்கள், மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் ஒரு கம்பிச்சுருள். நிலா பார்க்க மொட்டைமாடி போதும். ஆனால் எங்கோ ஒரு மனுஷன் உட்கார்ந்து நிலாவுக்கும் சேர்த்துச் சக்கரத்தில் பல் வெட்டியிருக்கிறானே, அடேயப்பா! எனக்கும் அது உயிர். பொய் சொல்லமாட்டேன், நான் அப்பா மகள். அம்மாவை மட்டும் அப்பா அதன் பக்கத்தில் விடமாட்டார்கள். அடுப்படிக் கையாம்.

ஒரு வருஷம் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த ஒரு வாரத்தில் கடியாரம் நின்றுபோயிற்று. அப்பா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவோம். அம்மா அதைத்தான் செய்தார்கள். மூடியைத் திறந்து கடியாரத்துக்கு ஒரு சிட்டிகை ஊட்டினார்கள். அப்பா பார்த்துவிட்டார்கள்.

"என்ன காரியம்ட்டி பண்ணிட்ட! கொன்னுட்டியே!"

"பிள்ளைக்குச் சொகமில்லன்னா பூசுதோம்லா? அப்படி நெனச்சுத்தான்..."

"இனி ஒங்கிட்ட பேசினா நான் மனுசன் இல்ல."

பேசவில்லை. தம்பி கடியாரத்தைச் சென்னப்பட்டணம் கொண்டுபோனான். உள்ளே சுருள்வில் ஒடிந்துதான் நின்றிருக்கிறது, மண் ஒரு கெடுதலும் செய்யவில்லை, துடைத்தாயிற்று என்று பழுது பார்த்தவர் சொன்னாராம். திரும்பி வந்து முன்னைப் போலவே அடித்தது. அப்பா வாக்கு மாறவில்லை. "ஒங்க அம்மைட்ட சொல்லு, வெந்நி வைக்கச் சொல்லி" என்பார்கள் என்னிடம். அம்மா பக்கத்திலேயே நிற்பார்கள். வருஷக்கணக்காக இதே கூத்துதான்.

அம்மா படுக்கையில் விழுந்தார்கள். "அவுகள ஒரு வார்த்த பேசச் சொல்லுட்டி. இல்லன்னா அதையாவது ஒருக்கா அடிச்சுக் காட்டச் சொல்லு. கேட்டுட்டுப் போறேன்" என்றார்கள். நான் போய்ச் சொன்னேன். அப்பா வேட்டி நுனியால் கடியாரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டார்கள். பாவி மனசு, அந்தக் கடியாரத்தை அப்போதும் எனக்கு வெறுக்கத் தெரியவில்லை.

கடைசி நாட்களில் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. கேட்கும்போதெல்லாம் கடியாரத்தைக் காதோரம் வைத்து அடிக்கவிட்டேன். முகம் மலரும். காய்ச்சல் கடுமையாக இருந்த அன்று, "கொஞ்சம் புத்துமண்ணு பூசு மக்கா" என்றார்கள்.

"அது பட்டா உசிரு போயிரும்னு நீங்கதானப்பா சொன்னிய?" என்றேன்.

பூசவும் செய்தேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியைக் கூப்பிட்டு, "ஒங்க அக்காட்ட சொல்லு, தண்ணி வேணும்னு" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மூச்சு அடங்கும்வரை என்னோடு பேசவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து உடனிருந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், தூக்கிச் சென்ற தெருக்காரர்களுக்கும், கடியாரத்தைப் பிழைக்கவைத்த சென்னப்பட்டணத்துக்காரருக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் அப்பா. அவர்கள் வாக்கு மாறாதவர்கள். அதனால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.