ஆறரை மணி வண்டியில் கால்பந்து

வாழப்பாடியை விட்டுக் கிளம்பிய வண்டி முத்தம்பட்டியைத் தாண்டுவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்து முடித்துவிடுவார் அமிர்தசாமி. அதற்கு மேல் அவருக்குக் கை சும்மா இருக்க வேண்டும். தோல்பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பந்த நடுவுல வெச்சாச்சுங்க" என்பார். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். நேற்று மாலை சேலத்தில் நடந்த ஆட்டம், இன்று காலை ஆறரை மணி வண்டியில் மறுபடியும் ஆரம்பமாகிவிட்டது.

மங்கள விலாஸ் பஸ்ஸில் பதினான்கு வருஷமாக அவர் கண்டக்டர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒடிசலான உடம்பு, அதற்கு இரண்டு பங்கு பெரிதாகக் காக்கிச் சட்டை, சட்டைக்குள்ளே கறுப்புக் கயிற்றில் அந்தோணியார் சுரூபம். பாதிரிமார் பள்ளியில் படித்த காலத்தில் வலது ஓரத்தில் ஓடி விளையாடியவர். முழங்கால் மடங்கிப்போனதோடு ஆட்டம் நின்றது, ஆசை நிற்கவில்லை. வருஷா வருஷம் மே மாதம் சேலத்தில் சுழற்கேடயப் போட்டி நடக்கும். பெங்களூர், கோலார், கோயமுத்தூர், மதராஸ் என்று பெரிய பெரிய அணிகள் வரும். அந்தப் பதினைந்து நாளும் யார் காலையாவது பிடித்து டூட்டி மாற்றிக்கொள்வார். சாயங்காலம் மைதானம், ஏழு மணிக்குக் கடைசி வண்டி, வாழப்பாடியில் படுக்கை, விடிந்ததும் முதல் வண்டி.

ஏழு மணி வண்டியிலேயே சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டால் ஒப்பமாட்டார். "மாவாட்டுன கையோட இட்லி ஊத்துவாங்களா? ராத்திரி பூரா புளிக்கோணும். காலைல பாருங்க, எப்படிப் பொங்கி வருதுன்னு" என்பார்.

பொங்கித்தான் வரும். காரிப்பட்டிக்குள் முதல் கோல் விழும். மின்னாம்பள்ளி டீக்கடையில் வண்டி நின்றால் இடைவேளை. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் எலுமிச்சம்பழம் சப்பும் நேரத்தில் இங்கே எல்லாரும் டீ குடிப்பார்கள். அயோத்தியாபட்டணத்தில் பெங்களூர்க்காரர்கள் நெருக்குவார்கள். உடையாப்பட்டியில் யாருக்காவது கால் பிசகும். அம்மாபேட்டைத் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கினால் இன்னும் ஐந்தே நிமிஷம் பாக்கி. ஆரம்பத்தில் நடுவர் ஊதும் விசிலுக்கெல்லாம் கண்டக்டர் விசிலையே எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஃபவுலுக்கு ஊதியபோது டிரைவர் அப்புசாமி நடு ரோட்டில் பிரேக்கை மிதித்து, பின்னால் வந்த கட்டை வண்டிக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நடுவருக்கு வாயால்தான் விசில். ஆனால் அப்புசாமிக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது. பெனால்டி என்றால் வண்டி தானாக மெதுவாகிவிடும்.

நடந்ததை நடந்தபடி சொன்னால் அது அமிர்தசாமி இல்லை. கண்ணு மூக்கு வைப்பார். வெறுமனே வெளியே உருண்டுபோன பந்தைக் கம்பத்தில் பட்டுத் தெறிக்க வைப்பார். மூன்று பேரைத் தாண்டி ஓடியவனை ஏழு பேரைத் தாண்ட வைப்பார். ஒரு தடவை மனச்சாட்சி உறுத்தி, மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டருகே மண்டியிட்டுச் சாமியாரிடம், "ஒரு கோல் கூடச் சேத்துச் சொல்லிட்டேன் சாமி" என்றார். கூண்டுக்குள்ளிருந்து, "எந்தப் பக்கத்துக்கு?" என்று கேள்வி வந்ததாம். கோலார்க்காரர்களுக்கு என்றதும் சாமியார் கொஞ்ச நேரம் யோசித்து, மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி விட்டுவிட்டார். அபராதம் இவ்வளவுதான் என்று தெரிந்தபின் அமிர்தசாமிக்குத் துணிச்சல் இன்னும் கூடிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைக்கு இலைக்கட்டு கொண்டுபோகும் முத்தாயம்மாள் தன் ஆயுசில் கால்பந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கோலார் கோல்கீப்பரைத் தன் வயிற்றில் பிறந்தவனாகவே நினைத்திருந்தாள். "எம் பையன் இன்னைக்கி நிக்கிறானா சாமி?" என்று கேட்ட பிறகுதான் இலைக்கட்டையே வண்டியில் ஏற்றுவாள். ஆறடி உயரம், பனங்கை மாதிரிக் கை, பாய்ந்தால் புலி என்று அமிர்தசாமி அவனை அப்படி வளர்த்து வைத்திருந்தார். அவனுக்காக அவள் மாரியம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்திருக்கிறாள்.

பாக்கு வியாபாரி சின்னுசாமி மட்டும் ஒரே ஒரு நாள் துணிந்து நேரில் போய்ப் பார்த்தார். மறுநாள் காலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினார்.

"ஏனுங்க அமிர்தசாமி, நானும் கேட்ல டிக்கெட் வாங்கிக்கிட்டு உச்சி வெயில் இறங்கறதுக்கு முந்தியே போயி ஒக்காந்தனுங்க. நீங்க சொல்ற ஆட்டம் அங்க நடக்கலீங்களே!"

"நீங்க எந்தப் பக்கம் ஒக்காந்தீங்க?"

"மேக்கால."

"அதாங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருந்தா ஆட்டம் தெரியாது" என்று கூசாமல் சொல்லிவிட்டு, அதே ஆட்டத்தை முத்தம்பட்டியில் ஆரம்பித்தார். சின்னுசாமி, தான் நேரில் பார்த்த ஆட்டத்தை அன்றைக்குத்தான் முழுசாக ரசித்தார். அதன் பின் மைதானத்துப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட வாழப்பாடி முழுக்கவே அப்படித்தான் ஆகிப்போனது. முன்பெல்லாம் போட்டி நாட்களில் மூன்று மணி வண்டி சேலத்துக்குப் பிதுங்கிக்கொண்டு போகும். கூரைமேலும் ஆள் இருக்கும். இப்போது அந்த வண்டியில் அப்புசாமியின் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. காலை வண்டியிலோ நிற்க இடமில்லை. சேலத்தில் ஒரு ஜோலியும் இல்லாதவர்கள் ஏறி, ஆட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே அடுத்த வண்டி பிடித்து ஊர் திரும்பினார்கள்.

இது எதுவும் சேலத்தில் போட்டிக் கமிட்டிக்குத் தெரியாது. மைதானத்தின் கிழக்கே சவுக்குக் கட்டையில் கட்டிய காலரி மூன்று வருஷமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. கமிட்டி இரண்டு முறை கூடிப் பேசியது. புதிதாக வந்த சினிமாக் கொட்டகைதான் காரணம் என்றார் ஒருவர். வெயில் என்றார் இன்னொருவர். ஜனங்களுக்கு ரசனையே போய்விட்டது என்று மூன்றாமவர் பெருமூச்சு விட்டார். கமிட்டிக் காரியதரிசி பாலசுந்தரம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

போன மே மாதம், ஒரு கல்யாணத்துக்காக வாழப்பாடி போனவர் மறுநாள் காலை ஆறரை மணி வண்டியில் ஏறினார். அமிர்தசாமி பந்தை நடுவில் வைத்தார். கோலார் அணி ஆடிய அரை இறுதி அது. முந்தாநாள் மாலை முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பாலசுந்தரம் முழுசாகப் பார்த்த ஆட்டம்தான். கல்யாண வேலையில் நேற்றைய வண்டியைத் தவறவிட்டவர்கள் கேட்டுக்கொண்டதால், அமிர்தசாமி அதை இன்று இரண்டாம் தடவையாகச் சொன்னார். காரிப்பட்டியில் பாலசுந்தரம் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். மின்னாம்பள்ளியில் டீ வேண்டாம் என்றார். உடையாப்பட்டியில், தன்னை மறந்து, "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கத்தினார். கத்திய பிறகுதான் அவருக்குச் சுரீர் என்றது. என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாதா?

சேலத்தில் வண்டி நின்றதும் அமிர்தசாமியைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"கண்டக்டரே, எங்க வயித்துல இப்படியா மண்ணள்ளிப் போடுவீங்க?"

"நான் என்ன முதலாளி பண்ணுனேன்?"

"மூணு வருசமா கெழக்குக் காலரி காலி. வெறும் கட்டைக்கு முன்னால எங்களால ஆட முடியாதுன்னு பெங்களூர்க்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். கோலார்க்காரனும் அதையே சொல்றான். ஞாயித்துக்கெழமை ஃபைனலுக்கும் இதே கதின்னா, அடுத்த வருசம் போட்டியே கெடையாதுங்க. கேடயத்தக் கொண்டுபோயி என் கடைல மாட்டிக்க வேண்டியதுதான்."

"நான் ஊருக்கெல்லாம் வெளம்பரம் பண்றேன்னுல்லீங்க நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அமிர்தசாமி. மே மாதத்துக்காகவே மற்ற பதினோரு மாதத்தையும் ஓட்டுகிற மனிதர் அவர். தன் வாயே அதற்கு உலை வைக்கிறது என்று கேட்டதும் உண்மையாகவே கலங்கிப் போனார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்து, மனைவி தெரசம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

மறுநாள் காலை முத்தம்பட்டி தாண்டியதும் வண்டி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அமிர்தசாமி கம்பியைப் பிடித்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கெழமை ஃபைனல். அத நான் சொல்லமாட்டேன். திங்கக்கெழமை என் வாயில இருந்து டிக்கெட், டிக்கெட்டுங்கறதத் தவிர ஒரு பேச்சு வராது. அந்தோணியார்மேல சத்தியம்."

முதலில் சிரித்தார்கள். சத்தியம் என்றதும் சிரிப்பு அடங்கிக் கூச்சல் கிளம்பியது.

"இதென்னங்க அநியாயமா இருக்குது! சோத்தப் போட்டுக் கொழம்ப ஊத்தமாட்டேங்கறீங்க!" என்றார் சின்னுசாமி.

"எனக்கு மட்டும் காதோட சொல்லீரு சாமி. எம் பையன் செயிச்சானா தோத்தானான்னு தெரியாட்டி எனக்குக் கஞ்சி எறங்காது" என்று முத்தாயம்மாள் கெஞ்சினாள்.

"நேர்ல வந்து பாரு ஆத்தா."

"ஆம்பளைக கூட்டத்துல நானா?"

"நான் பக்கத்துல இருக்கேன். வா."

திங்கட்கிழமை அவர் வாயை எப்படியும் பிடுங்கிவிடலாம் என்று நம்பியவர்கள் சனிக்கிழமைவரை நம்பினார்கள். ஆனால் சனிக்கிழமை காலை அமிர்தசாமி சேலம்வரை ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிக்கெட், டிக்கெட், அவ்வளவுதான். அப்புசாமி வழி தவறிவிட்டோமோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பின் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வண்டி பிதுங்கியது. கூரைமேல் ஆள், பின் ஏணியில் ஆள், இலைக்கட்டு வைக்கும் இடத்தில் புதுச் சேலை கட்டிக்கொண்டு முத்தாயம்மாள். கிழக்குக் காலரியின் கீழ்த் தட்டுகள் வாழப்பாடியாலேயே நிரம்பின. நாலாம் தட்டில் அமிர்தசாமி. அவரைச் சுற்றி அத்தனை பேரும் தேனடை மாதிரி அப்பிக்கொண்டார்கள். பாலசுந்தரம் முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று காலரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெங்களூர்க்காரர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தொட்டார்கள்.

ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். நிறைந்த காலரியை இன்னொரு முறை கண்குளிரப் பார்க்கலாம் என்று பாலசுந்தரம் திரும்பினார். காலரி நிறைய முதுகு. கீழ்த் தட்டுகளில் இருந்தவர்கள் எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாலாம் தட்டில் இருந்த அமிர்தசாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன நடக்குதுங்க?" என்று கேட்டார் சின்னுசாமி.

"எம் பையன் எங்க நிக்கிறான் சாமி?" என்றாள் முத்தாயம்மாள். அமிர்தசாமி கோல் கம்பத்தின் பக்கம் கை காட்டினார். அங்கே குட்டையாக, முன் வழுக்கையோடு ஒருவன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது வேற ஆளு. நீ சொல்லு" என்று மறுபடி இவர் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

வலது ஓரத்தில் பெங்களூர்க்காரன் ஒருவன் பந்தோடு கிளம்பிவிட்டான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனையும் தாண்டினான். அமிர்தசாமிக்கு நாக்கின் நுனியில் வந்து நின்றது. இரண்டு பேரை ஏழு பேராக்கிவிட எவ்வளவு நேரம் ஆகும்? சுற்றிலும் ஐம்பது முகங்கள் அவருக்காகக் காத்திருந்தன. மைதானத்தில் ஓடுகிறவனுக்குக்கூட இத்தனை முகங்கள் இல்லை. வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, சின்னுசாமியின் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, பந்து போகும் பக்கம் திருப்பிவிட்டார்.