கிளிபோட்டுக்காகப் பாடாத வருடம்

என் அப்பா அன்புராசா ஒரு பாடகர் என்று பல்கலைக்கழகத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை. ‘டும் டும்’ என்பதை எப்படிப் பாட்டு என்று சொல்வது?

அகதியாக இந்த நாட்டுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இருந்தபோது அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சமைத்த கிளிபோட்டும் மரியோவும் டூ-வொப் பாடுவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் வாத்தியமில்லாமல் வாயாலேயே இசை போடும் பழைய அமெரிக்கப் பாட்டு அது. அடிக்குரலுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்குச் சொற்கள் வேண்டியதில்லை, ‘டும் டும்’ போதும். ஆங்கிலம் தெரியாத அப்பா சேர்ந்துகொண்டார். அந்த ‘வெல்லெஸ்லி டோன்ஸ்’ முப்பது வருடங்களுக்கு மேல் கலியாண வீடுகளிலும் தேவாலய மண்டபங்களிலும் பாடியது.

சென்ற வருடம் கிளிபோட் இறந்தார். அப்பா பாட்டை நிறுத்தினார். மரியோ கேட்டதற்கு, “ஒரு வருஷம்” என்று மட்டும் சொன்னார். அலுத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

இந்தக் கோடையில் கிளிபோட்டின் மகள் ஜூலி தொலைபேசி எடுத்தாள். தகப்பன் தொடங்கிய குழுவின் பெயரை இளம் பாடகர்கள் சிலர் கேட்கிறார்களாம், கொடுக்கப் போகிறாளாம், நேரில் வந்து பேசுவாளாம்.

“பேரைக் குடுத்தா நாங்கள் ஆர்?” என்றார் அப்பா.

“அதை அவளிட்டக் கேளுங்கோவன். முப்பது வருஷமா டும் டும் எண்டு மட்டும்தானே வருது!” என்றாள் அம்மா.

டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்த ஜூலி தேநீரைத் தொடவில்லை. தகப்பனின் ஊரான ஜமேக்காவில் ஆள் இறந்தால் ஒன்பது இரவு பாடுவார்களாம். அந்த இரவுகளில் அப்பாவும் மரியோவும் வந்து வாய்மூடி மூலையில் இருந்தார்களாம். “என்ர அப்பாவுக்காக ஒரு பாட்டுக்கூட இல்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அப்பாவுக்கு இப்போது ஆங்கிலம் நன்றாக வரும். அந்த நேரம் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நீ சொல்லு. கூடப்பிறந்தவன் செத்தா ஆட்டைத் திவசம் மட்டும் பாட்டுக் கூத்து இல்லையெண்டு.”

முதலாம் வருட நினைவு நாள்வரை, அண்ணனை இழந்த தம்பியாக அப்பா துக்கம் காக்கிறார் என்று நான் ஜூலிக்குச் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கும் அது விளங்கியது. எத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

ஜூலி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “அப்பா இதைக் கேட்டிருந்தால் உங்களை உதைத்திருப்பார்.”

“ஓம், உதைச்சிருப்பான்.”

பெயரைக் கொடுக்கப் போவதில்லை என்றாள். தகப்பனின் பங்கைத் தானே பாடலாமா என்றும் கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“திவசத்துக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு.”

“பெத்த மகளே கேக்கிறாள். பிறகென்ன உங்களுக்கு?”

அப்பா மரியோவைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் மரியோ போட்ட சந்தோஷக் கூச்சல் குசினிவரை கேட்டது.